மூளை மூப்படைதல்

மூளை மூப்படைதல் என்பது வயது கூடுவதற்கேற்ப மனித மூளையின் அமைப்பிலும் செயற்பாட்டிலும் ஏற்படும் படிப்படியான மாற்றங்களைக் குறிக்கும். இம்மாற்றங்கள் எல்லோருக்கும் ஏற்படுபவை. இவை நோய் அல்ல. முதியோரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் நினைவாற்றல், மொழி, முடிவெடுக்கும் திறன் ஆகியன அன்றாட வாழ்க்கையைத் தனியே நடத்த இயலாத அளவுக்குக் குன்றுகின்றன. இந்நிலை மறதிநோய் அல்லது டிமென்சியா எனப்படுகிறது. டிமென்சியா என்பது தனியொரு நோயின் பெயர் அன்று. பல்வேறு நோய்களால் உண்டாகும் அறிகுறிகளின் தொகுதி ஆகும். உலக சுகாதார அமைப்பின் கணிப்பின்படி 2021 ஆம் ஆண்டில் உலகெங்கும் 5.7 கோடிப் பேர் டிமென்சியாவுடன் வாழ்ந்தனர். இவர்களுள் 60 முதல் 70 விழுக்காட்டினருக்கு ஆல்சைமர் நோய் காரணமாக இருக்கலாம்.

இயல்பான மாற்றங்கள்

வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோகிராம் எடை உடையது. நாற்பது வயதிற்குப் பின் அதன் கனவளவு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 5% குறைகிறது. இச்சுருக்கம் எல்லாப் பகுதிகளிலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. திட்டமிடுதலுக்குத் துணைபுரியும் நுதல் மடலும், புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியும் கூடுதலாகச் சுருங்குகின்றன; பார்வைக்குரிய புறணி குறைவாகவே சுருங்குகிறது.

முதுமையில் நரம்பணுக்கள் பெருமளவில் இறந்துவிடுகின்றன என்று முன்னர் கருதப்பட்டது. 1997 இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்று, 20 வயதிற்கும் 90 வயதிற்கும் இடையே பெருமூளைப் புறணியின் நரம்பணுக்களில் ஏறத்தாழ 10% மட்டுமே குறைவதாகக் காட்டியது. நரம்பணுக்களின் கிளைகள் குறுகுவதும், அவற்றுக்கிடையேயான இணைப்புகள் குறைவதும், நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைவதுமே முக்கிய மாற்றங்கள் ஆகும். இதனால் சிந்தனையின் வேகம் குறைகிறது. ஒரே நேரத்தில் இரு வேலைகளைக் கவனிப்பது கடினமாகிறது. ஆனால் சொல்வளமும் பொது அறிவும் முதுமையிலும் நெடுங்காலம் நிலைத்திருக்கின்றன.

இயல்பான மறதியும் நோயும்

தெரிந்த ஒருவரின் பெயர் உடனே நினைவுக்கு வராமல், சற்று நேரங்கழித்து வருவது இயல்பான மறதி. பின்வருவன மருத்துவரை நாடவேண்டிய அறிகுறிகள்:

- கேட்ட கேள்வியையே சில நிமிடங்களில் மீண்டும் மீண்டும் கேட்டல்
- நெடுநாள் பழகிய தெருவில் வழி தவறுதல்
- பல ஆண்டுகள் செய்துவந்த சமையல், பணக்கணக்கு போன்றவற்றின் படிமுறை குழம்புதல்
- குணத்திலும் நடத்தையிலும் காரணமின்றி மாற்றம் ஏற்படுதல்

"வயதானால் இப்படித்தான்" என்று இவற்றை ஒதுக்கிவிடுவது தீங்கு விளைவிக்கலாம். தைராய்டு சுரப்புக் குறைபாடு, உயிர்ச்சத்து பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு, தலையில் அடிபட்டபின் மண்டையோட்டினுள் மெல்லத் தேங்கும் குருதி ஆகியனவும் டிமென்சியா போன்ற அறிகுறிகளைத் தோற்றுவிக்கும். இவை உரிய காலத்தில் கண்டறியப்பட்டால் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை.

ஆல்சைமர் நோய்

1901 இல் அவுகுஸ்தே டேட்டர் என்ற 51 வயதுப் பெண் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவரால் தம் பெயரைக்கூட முழுமையாக எழுத முடியவில்லை. அவரைக் கவனித்த மருத்துவர் அலோய்ஸ் ஆல்சைமர், 1906 ஏப்ரலில் அப்பெண் இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளும் உள்ளே முறுக்கிய இழைகளும் காணப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் டியூபிங்கன் நகரில் இதுபற்றி அவர் ஆற்றிய உரை பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1910 இல் எமில் கிரேப்பெலின் தமது பாடநூலில் இந்நோய்க்கு ஆல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

படிவுகள் அமைலாய்டு பீட்டா என்னும் புரதத்தாலும், இழைகள் டவ் என்னும் புரதத்தாலும் ஆனவை என்பது 1980களில் தெரியவந்தது. அறிகுறிகள் தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அமைலாய்டு படியத் தொடங்கிவிடுகிறது. அமைலாய்டின் முன்னோடிப் புரதத்திற்குரிய மரபணு 21 ஆம் நிறப்புரியில் உள்ளது. டவுன் கூட்டறிகுறி உடையோரிடம் இந்நிறப்புரி ஒன்று கூடுதலாக இருப்பதால் அவர்களுக்கு இந்நோய் இளவயதிலேயே வருவதுண்டு.

பிற வகைகள்

- குருதிக்குழல்சார் டிமென்சியா: பக்கவாதத்தாலும், சிறு குருதிக்குழல்களின் அடைப்பாலும் ஏற்படுவது.
- லூயி உடல் டிமென்சியா: இல்லாத உருவங்கள் தோன்றுதல், நடுக்கம், உடல் விறைப்பு ஆகியவற்றுடன் கூடியது.
- நுதல்-பொட்டு மடல் டிமென்சியா: நினைவைவிட நடத்தையையோ மொழியையோ முதலில் பாதிப்பது, 65 வயதிற்கு முன்பே வருவதுண்டு.

முதியோரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் கலந்திருப்பதும் வழக்கமே.

அறிவுத்திறன் சேமிப்பு

1986 இல் டேவிட் ஸ்னோடன் ஐக்கிய அமெரிக்காவில் 678 கத்தோலிக்கக் கன்னியரைக் கொண்டு நெடுங்கால ஆய்வொன்றைத் தொடங்கினார். அவர்கள் ஆண்டுதோறும் சோதனைகளுக்கு உட்பட்டதோடு, இறந்தபின் மூளையை ஆய்வுக்கு அளிக்கவும் இசைந்தனர். அவர்களுள் ஒருவர் 101 ஆம் வயதில் இறக்கும் வரை தெளிந்த அறிவுடன் இருந்தார். ஆயினும் அவரது மூளையில் ஆல்சைமர் நோய்க்குரிய படிவுகள் மிகுந்திருந்தன. கல்வியாலும் இடையறாத அறிவுப் பயிற்சியாலும் வலுப்பெற்ற மூளை, சேதத்தை நெடுங்காலம் ஈடுசெய்யக்கூடும் என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம்.

தடுப்பும் மருத்துவமும்

2024 இல் வெளியான லான்செட் ஆணையத்தின் அறிக்கை, மாற்றியமைக்கக்கூடிய 14 இடர்க்காரணிகளைக் களைந்தால் ஏறத்தாழ 45% டிமென்சியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலலாம் என மதிப்பிட்டது. உயர் குருதியழுத்தம், நீரிழிவு, புகைத்தல், கேள்திறன் இழப்பு, தனிமை, உடற்பயிற்சியின்மை, காற்று மாசு, இளமையில் கல்வியின்மை ஆகியன அவற்றுட் சில.

ஆல்சைமர் நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. டோனெபெசில், மெமண்டைன் ஆகியன அறிகுறிகளை ஓரளவு தணிக்கின்றன. அமைலாய்டை அகற்றும் லெக்கனெமாப் 2023 இலும், டோனனெமாப் 2024 இலும் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இவை தொடக்கநிலை நோயின் வேகத்தைச் சிறிதளவு குறைக்கின்றன. மூளை வீக்கம், குருதிக்கசிவு ஆகிய பக்கவிளைவுகளும் உண்டு. ஆகவே நோயாளிக்குப் பெருந்துணை குடும்பத்தாரின் பராமரிப்பே ஆகும். அப்பராமரிப்புச் சுமை பெரும்பாலும் பெண்கள் மீதே விழுகிறது என்பதையும் உலக சுகாதார அமைப்பு சுட்டிக்காட்டியுள்ளது.

இவற்றையும் பார்க்க

- நரம்பணு
- பார்க்கின்சன் நோய்
- பக்கவாதம்
- முதுமை