பும்ராவின் முதுகும் பன்னிரண்டு நாள் கணக்கும்

செவ்வாய் இரவோடு கெடு முடிந்தது. சாம்பியன்ஸ் டிராபிக்கான அணிப் பட்டியலில் ஐசிசியின் ஒப்புதல் கேட்காமல் பெயரை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள் 2025 பிப்ரவரி 11. அந்த இரவில்தான் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் அறிக்கை வந்தது. கீழ்முதுகுக் காயத்தால் ஜஸ்ப்ரீத் பும்ரா ஆடமாட்டார், அவர் இடத்தில் ஹர்ஷித் ராணா. காயத்தைப் பற்றி அதில் இருந்தது அவ்வளவுதான்.

ஜனவரியில் சிட்னி டெஸ்டின் நடுவே அவர் மைதானத்தை விட்டு வெளியேறிய நாளிலிருந்தே இதைப் பற்றிக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலானவை கவலை, சில கோபம், ஒன்றிரண்டு வைத்தியக் குறிப்பு. பூதலூர் வாசகர் ஒருவர் கேட்டதுதான் சரியான கேள்வி: “ஸ்கேன்ல பெருசா ஒண்ணும் இல்லைன்னு நியூஸ்ல போடுறாங்க. அப்புறம் ஏன் சார் ஆட விடலை?” திருக்காட்டுப்பள்ளியிலிருந்து வந்த இன்னொரு கடிதம் இப்படி: “அஞ்சு வாரம் ரெஸ்ட்டுன்னாங்க. அஞ்சு வாரம் முடிஞ்சிடுச்சே!”

இரண்டாவது கடிதத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதற்கான விடை ஜனவரியிலேயே நம் கண்ணெதிரே இருந்தது. ஜனவரி 18 அன்று மும்பையில் அணியை அறிவித்தபோது தேர்வுக்குழுத் தலைவர் அஜித் அகர்கர், ஐந்து வாரம் பந்துவீச்சுச் சுமையை இறக்கி வைக்கும்படி பும்ராவிடம் சொல்லப்பட்டிருக்கிறது என்றார். பும்ரா முதுகைப் பிடித்துக்கொண்டது ஜனவரி 4. அதிலிருந்து ஐந்து வாரம் எண்ணினால் பிப்ரவரி 8. துபாயில் வங்கதேசத்துடன் முதல் ஆட்டம் பிப்ரவரி 20. இடையே பன்னிரண்டு நாள். ஓய்விலிருந்து எழுந்து வரும் வேகப்பந்து வீச்சாளருக்குப் பன்னிரண்டு நாள் போதாது என்பது தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. அகர்கரே வேகப்பந்து வீச்சாளராக இருந்தவர்.

பிறகு ஏன் பெயரைப் போட்டார்கள்? போடுவதில் நஷ்டமில்லை, அதனால்தான். பிப்ரவரி 11 வரை பெயரை வைத்திருப்பது இலவசம், எடுப்பதும் இலவசம். அதற்குப் பிறகுதான் காரணம் காட்டி, போட்டியின் தொழில்நுட்பக் குழுவிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். ஆஸ்திரேலியாவும் இதையே செய்தது. கம்மின்ஸ், ஹேசில்வுட் இருவரையும் ஜனவரியில் பட்டியலில் வைத்துவிட்டு பிப்ரவரி 6 அன்று எடுத்தது. விதி அனுமதிக்கிற விளையாட்டுதான். ஆனால் பும்ராவின் பெயரோடு வந்த ‘உடற்தகுதிக்கு உட்பட்டு’ என்ற சொற்களை ரசிகர்கள் நம்பிக்கையாகப் படித்தார்கள். எழுதியவர்களுக்கு அது இடம் பிடித்து வைக்கும் துண்டு.

இனி பூதலூர்க்காரர் கேட்டது. முதலில் ஓர் எச்சரிக்கை: பும்ராவின் எலும்பில் விரிசல் என்று வாரியம் இந்த முறை சொல்லவில்லை. சிட்னியில் தசைப்பிடிப்பு என்றார்கள், இப்போது கீழ்முதுகுக் காயம் என்கிறார்கள். ஆனால் 2019-இல் இதே கீழ்முதுகில் சிறு அழுத்த விரிசல் கண்டுபிடிக்கப்பட்டு மூன்று மாதத்துக்கு மேல் ஆடாமல் இருந்தவர் அவர். 2022-இல் மறுபடி முதுகு. 2023 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் அறுவை சிகிச்சை. அந்த முதுகில் புதிதாக எது வந்தாலும் மருத்துவர்கள் எலும்பை மனத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள்.

எலும்பு தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும் விதம் விசித்திரமானது. தேய்ந்த பகுதியை முதலில் தோண்டி எடுக்கும். அப்புறம்தான் புதிய எலும்பைப் பூசும். தோண்டுவது சில வாரத்தில் முடிந்துவிடும், பூசியது இறுகி உரம் பெற மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்பைவிட பலவீனமாக இருக்கிறது. எம்ஆர்ஐ காட்டுவது பெரும்பாலும் எலும்புக்குள் கட்டியிருக்கும் நீரை. நீர் வடிந்துவிட்டால் படம் சுத்தமாக வரும், உரம் ஏறியிருக்காது. அறுவடை நேரத்தில் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கையில் அள்ளிப் பார்த்தால் சருகாகத்தான் இருக்கும்; ஈரப்பத மீட்டரில் போட்டால் 17 சதவீதத்தைத் தாண்டும், மூட்டை திரும்பும். ஸ்கேன் என்பது கையில் அள்ளிப் பார்க்கிற கதை. முதுகுக்கான மீட்டர் வேறு: முழு வேகத்தில் வீசிப் பார்ப்பது, மறுநாள் காலை எப்படி எழுகிறார் என்று பார்ப்பது, அதற்கு மறுநாளும் வீசச் சொல்வது. மீட்டர் யார் கையில் இருக்கிறது என்பதும் கொள்முதல் நிலையத்தில் எழுகிற கேள்விதான். இங்கே அது பெங்களூருவில், வாரியத்தின் சொந்தப் பயிற்சி மையத்தின் கையில்.

இந்தக் கதையில் என்னை உண்மையில் உறுத்துவது அடுத்து வருவது. வேகப்பந்து வீச்சாளரின் உடல் கடனை அன்றன்றைக்கு வசூலிப்பதில்லை, தாமதமாகத்தான் வசூலிக்கிறது. ஆஸ்திரேலிய விளையாட்டு மருத்துவர் ஜான் ஆர்ச்சர்டின் குழு 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரே ஆட்டத்தில் 50 ஓவருக்கு மேல் வீசியவர்களுக்கு அடுத்த 21 நாள்களில் காயமடையும் வாய்ப்பு கணிசமாகக் கூடியிருந்தது. வீசிய அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளும் தெரியாமல் போகலாம். பும்ரா மெல்போர்ன் டெஸ்டில் வீசியது 53.2 ஓவர். ஆட்டம் முடிந்தது டிசம்பர் 30. மூன்று நாள் இடைவெளியில் சிட்னி டெஸ்ட் தொடங்கியது. அதன் இரண்டாம் நாள் ஸ்கேனுக்குக் காரில் ஏறினார். ஆஸ்திரேலியத் தொடர் முழுவதும் 151.2 ஓவர், 32 விக்கெட். விக்கெட் எண்ணிக்கையைத்தான் நாம் கொண்டாடிக்கொண்டிருந்தோம்.

சரி, சுமை கூடியது, ஓய்வு கொடுத்தார்கள், தீர்ந்ததுதானே? இல்லை. ஆபத்து வெறும் ஓவர் எண்ணிக்கையில் இல்லை. உடல் எதற்குப் பழகியிருக்கிறதோ அதற்கும் திடீரென்று கேட்கப்படுவதற்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. வாரத்துக்கு 150 பந்து வீசிப் பழகியவருக்கு 180 பெரிய விஷயமில்லை. ஐந்து வாரம் சும்மா இருந்தவருக்கு 60 பந்தே பாறை. ஓய்வு எலும்பை ஆற்றும், அதே நேரத்தில் தாங்கும் திறனைக் குறைக்கும். ஓய்வு நீள நீள, திரும்பி வரும் நாளின் தாவல் செங்குத்தாகிறது. ஆகவே காயம் ஆறிய தேதியும் ஆடத் தயாரான தேதியும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவில் படிப்படியாக ஏற வேண்டிய ஏணி இருக்கிறது. ஓட்டம், நின்ற இடத்திலிருந்து சில பந்து, குறுகிய ஓட்டத்தில் அரை வேகம், பிறகு முழு வேகத்தில் இரண்டு ஓவர், நான்கு ஓவர், ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் அடுத்தடுத்த நாள். வலி தாமதமாக வருமென்பதால் ஒவ்வொரு படியிலும் நின்று காத்திருக்க வேண்டும்.

இந்த ஏணியைப் போட்டி அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிப்ரவரி 20, 23, மார்ச் 2. அரையிறுதி வந்தால் மார்ச் 4. இறுதி மார்ச் 9. பதினெட்டு நாளில் ஐந்து ஆட்டம், ஆட்டத்துக்குப் பத்து ஓவர் என்றால் 300 பந்து. வார்ம்-அப்பும் வலைப்பயிற்சியும் தனி. ஐந்து வாரமாக ஆட்டத்தில் ஒரு பந்துகூட வீசாதவரிடம் இதைக் கேட்பதற்கு எந்த நேர்மையான பிசியோவும் கையெழுத்துப் போடமாட்டார். ஆகவே பும்ராவை எடுத்தது சரி. தப்பு என்று நான் நினைப்பது, இந்தக் கணக்கை ஒரு பத்திரிகையாளர் விரல்விட்டு எண்ணிப் பார்க்கும் நிலையில் வாரியம் விட்டு வைத்திருப்பது.

அவர்களால் சொல்ல முடியாதது அல்ல. டிசம்பர் 23 அன்று முகமது ஷமியைப் பற்றி வாரியம் வெளியிட்ட அறிக்கையை எடுத்துப் பாருங்கள். குதிகால் அறுவை சிகிச்சை முழுமையாக ஆறிவிட்டது, ரஞ்சியில் 43 ஓவர் வீசினார், சையத் முஷ்டாக் அலி கோப்பையில் ஒன்பது ஆட்டமும் ஆடினார், மூட்டில் சுமை கூடியதால் இடது முழங்காலில் லேசான வீக்கம், ஆகவே ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பவில்லை. ஓவர் எண்ணிக்கையோடு, காரணத்தோடு. ரசிகர்கள் வருத்தப்பட்டார்கள், குழம்பவில்லை. ஏழு வாரம் கழித்துப் பும்ராவுக்கு மட்டும் ஒரே வரி.

பழைய அறிக்கைகள் நினைவிருப்பவர்களுக்குச் சந்தேகம் வருவதும் நியாயமே. 2022 செப்டம்பரில் குணமாகிவிட்டார் என்று அணிக்குத் திரும்பினார். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இரண்டு டி20, மொத்தம் ஆறு ஓவர். அத்தோடு டி20 உலகக் கோப்பை போயிற்று. 2023 ஜனவரி 3 அன்று பெங்களூருவின் தேசிய கிரிக்கெட் அகாடமி அவரைத் தகுதியானவர் என்று அறிவித்ததாகச் சொல்லி இலங்கைத் தொடரில் சேர்த்தார்கள். ஜனவரி 9 அன்று, பந்துவீச்சுக்கான தாக்குப்பிடிக்கும் திறனை வளர்த்துக்கொள்ள இன்னும் நாள் வேண்டும் என்று எடுத்துவிட்டார்கள். ஆறு நாளில் தகுதி எங்கே போனது என்று யாரும் விளக்கவில்லை. இரண்டு மாதத்தில் அவர் அறுவை சிகிச்சை மேசையில் இருந்தார். வாரியம் ‘முன்னெச்சரிக்கை நடவடிக்கை’ என்று எழுதும்போது அதை ‘இன்னும் தயாராகவில்லை’ என்று படித்துக்கொள்வது உத்தமம்.

தகவல் இல்லாத இடத்தில் வதந்தி குடியேறும். ஜனவரி நடுவில், படுத்த படுக்கையில் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்று ஒரு செய்தி சுற்றியது; பொய்ச் செய்தி பரவுவது எளிது, ஆனால் இது சிரிக்க வைத்துவிட்டது என்று பும்ராவே எழுதினார். ஐந்து வாரத்தில் தன் முதுகைச் சுற்றிய பேச்சுக்கு அவர் வெளிப்படையாகச் சொன்ன பதில் கிட்டத்தட்ட அந்தச் சிரிப்பு மட்டும்தான்.

முதுகு விரிசல் வீச்சாளரை என்ன செய்யும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். 2004 பாகிஸ்தான் தொடரில் ஊரே கொண்டாடிய நம் லட்சுமிபதி பாலாஜி, முதுகுக் காயத்தில் சில ஆண்டுகளைத் தொலைத்தார்; வீசும் முறையை மாற்றிக்கொண்டு திரும்பியபோது பழைய வேகம் இல்லை. தந்திரம் இருந்தது, 2008-இல் ஐபிஎல்லின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தார். மறுபக்கம் பேட் கம்மின்ஸ். 18 வயதில் 2011 நவம்பரில் முதல் டெஸ்ட். அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில் ராஞ்சியில். முதுகு முதிரும் வரை ஐந்து ஆண்டுக்கு மேல் பொறுத்தார்கள். பின்னர் அவர் ஆஸ்திரேலியாவின் கேப்டன் ஆனார். 2025 பிப்ரவரியில் பும்ராவுக்கு வயது 31. குறுகிய ஓட்டத்திலிருந்து, மடங்காத கையோடு, வேகத்தை உடம்பிலிருந்தே பிழிந்தெடுக்கும் அவருடைய வீச்சு முதுகின் மேல் பாரம் வைக்கிறது என்பது பல காலமாகப் பேசப்படுவது. கம்மின்ஸுக்குக் கிடைத்த கால அவகாசம் இவருக்கு இல்லை.

பூதலூர்க் கடிதத்தின் கடைசிப் பத்தி பும்ராவைப் பற்றியதே அல்ல. எழுதியவரின் தம்பி டென்னிஸ் பந்தில் வேகமாக வீசுகிறவராம். இடுப்புக்குச் சற்று மேலே ஒரு பக்கமாக வலிக்கிறதாம். சம்பா அறுத்த வயல்களில் ஸ்டம்ப் நடும் பருவம் இது. வருடம் முழுக்கத் திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வருகிறவர், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று நான்கு மேட்ச் வீசுகிறார். மேலே சொன்ன கணக்கு இவருக்கும் பொருந்தும். பெங்களூரு மையம்தான் இல்லை. ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளையும்போது ஒரு பக்கம் மட்டும் சுருக்கென்று வலித்தால், அதிலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கமாக, வீசுவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தூரமில்லை. தைலம் தேய்த்துவிட்டு அரையிறுதி ஆட வேண்டாம்.

மற்றக் கேள்விகள் சுருக்கமாக.

வலிக்கு ஊசி போட்டு ஆட வைக்க முடியாதா? வலி தெரியாமல் போகும், எலும்புக்குத் தெரியும்.

நடுவில் குணமானால் சேர்க்கலாமா? வேறொருவர் காயப்பட்டு, தொழில்நுட்பக் குழுவும் சம்மதித்தால்.

ஜெய்ஸ்வாலுக்கும் காயமா? இல்லை, அவரை எடுத்துவிட்டு நம் வருண் சக்கரவர்த்தியை ஐந்தாவது சுழற்பந்து வீச்சாளராகச் சேர்த்திருக்கிறார்கள். வருண் முதல் ஒருநாள் ஆட்டம் ஆடியதே பிப்ரவரி 9 அன்று கட்டாக்கில்தான், 33 வயதில்.

ஹர்ஷித் ராணா ஈடு கொடுப்பாரா? நாக்பூரில் ஒருநாள் அறிமுக ஆட்டத்தில் 53 ரன்னுக்கு 3 விக்கெட். கடைசி ஓவர்களுக்கு அர்ஷ்தீப்பையும் ஷமியையும் நம்பித்தான் போகிறார்கள்.

ஐபிஎல்? 2025 மார்ச்சில் தொடக்கம். மும்பை அவரைத் தக்கவைத்தது 18 கோடிக்கு; முதல் ஆட்டத்திலேயே பார்த்துவிடலாம் என்று டிக்கெட் எடுக்க முடியாத நிலை.

இங்கிலாந்துத் தொடர்? 2025 ஜூன் 20, லீட்ஸில் தொடக்கம். மொத்தம் ஐந்து டெஸ்ட், ஐந்திலும் அவர் ஆடுவதை எதிர்பார்க்க முடியாத நிலை.