இடுப்பு மடங்கியே இருக்கும் விளையாட்டு

ஞாயிறு விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் குழுக்கள் கூடும் இடங்களில் ஒரு சடங்கைப் பார்க்கலாம். ஹெல்மெட் மாட்டுவதற்கு முன் ஒரு காலைத் தடுப்புச் சுவரில் தூக்கி வைத்து, முட்டியை விறைப்பாக்கிக்கொண்டு, கால் கட்டைவிரலைத் தொட முயல்வார்கள். இருபது எண்ணுவதற்குள் கால் மாறும். இதைச் செய்யாமல் கிளம்பினால் வழியில் சதை பிடித்துக்கொள்ளும், மறுநாள் மாடிப்படி இறங்க முடியாது, முட்டி போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. பள்ளிக்கூடத்து பி.டி. வகுப்பிலேயே ஊறிவிட்டதால் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. பொழுதுபோக்காக சைக்கிள் ஓட்டுபவருக்கு நீட்சிப் பயிற்சி வேண்டும்தான். ஆனால் அதைச் செய்யும் நேரமும் சரியில்லை, அதற்குச் சொல்லும் காரணமும் சரியில்லை என்றுதான் இதுவரை நடந்த ஆய்வுகளைப் படிக்கும்போது தோன்றுகிறது.

உடம்பு வலியிலிருந்து தொடங்கலாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2011-இல் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு 12 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வலியை 100 புள்ளி அளவுகோலில் குறித்தால், பயிற்சிக்கு முன் செய்த நீட்சி மறுநாள் வலியைச் சுமார் அரைப் புள்ளி குறைத்தது. பின்னால் செய்தது ஒரு புள்ளி. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வில்கூட நான்கு புள்ளிகள்தான். வலிக்கிறவருக்கே தெரியாத வித்தியாசம் இது. காயத்தைத் தடுக்கும் என்பதற்கும் ஆதரவு குறைவு. ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை மட்டும் ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் காலின் ஆறு தசைத் தொகுதிகளை நீட்டவைத்தார்கள். 2000-இல் முடிவு வெளியானது: நீட்டிய 735 பேரிடையே 158 காயங்கள், நீட்டாத 803 பேரிடையே 175. விகிதம் ஏறக்குறைய ஒன்றேதான்.

சிப்பாய்கள் ஓடுகிறார்கள், குதிக்கிறார்கள், அவர்களை வைத்து சைக்கிள்காரர்களுக்குத் தீர்ப்பு சொல்லலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அது பழைய நம்பிக்கையை இன்னும் பலவீனமாக்குகிறது. மறுநாள் வரும் சதை வலி பெரும்பாலும், தசை பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டிய வேலைகளில் வருவது. மலையிலிருந்து இறங்கி ஓடுவது, படி இறங்குவது எல்லாம் அந்த வகை. பெடல் மிதிக்கும்போது தசை சுருங்கித்தான் விசை கொடுக்கிறது. தரையில் கால் மோதும் அதிர்ச்சியும் இல்லை. முட்டி, முழுதாக நீளுவதற்கு முன்பே திரும்பி மடங்கிவிடுகிறது. தசையை அதன் எல்லைக்கு இழுத்துப் பார்க்காத இயக்கம் இது. அப்படியிருக்க, எல்லையைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பதற்கு என்ன அவசியம்? போதாக்குறைக்கு, ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்தால் சற்று நேரத்துக்கு அதன் திறன் சில சதவீதம் குறைவதும் ஆய்வுகளில் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை சவாரிக்கு அது ஒரு பொருட்டில்லை என்பது வேறு விஷயம். உடம்பு சூடேற வேண்டுமென்றால் முதல் பத்து நிமிடம் லேசான கியரில் மிதித்தால் போதும்.

பிறகு எதற்கு நீட்சி? சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் இடுப்பைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் விடை தெரியும். பெடல் மேலே வரும்போது தொடை வயிற்றை நோக்கி ஏறுகிறது. கீழே போகும்போதும் இடுப்பு முழுதாக நிமிர்வதில்லை. நிமிடத்துக்கு 85 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 5,100 முறை இடுப்பு மடங்குகிறது, ஒருமுறைகூட நேராவதில்லை. இதே மனிதர் திங்கள் முதல் வெள்ளி வரை நாற்காலியில் உட்காருகிறார். அங்கும் அதே மடிப்பு. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து இறங்கித் தொடை எலும்பில் முடியும் இடுப்பு மடக்குத் தசைக்கு முழு நீளத்துக்கு விரிகிற வாய்ப்பு நாள் முழுக்கக் கிடைப்பதில்லை. போதாததற்கு ரோடு பைக்கின் தாழ்ந்த ஹேண்டில்பார் உடம்பை முன்னால் குனியச் சொல்கிறது. குனிய வேண்டியது இடுப்பு மூட்டிலிருந்து. தொடையின் பின்தசை இடுப்பெலும்பைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தால் அது முன்னால் சாயாது. மீதிக் குனிவை அடிமுதுகு வளைந்துதான் ஈடுகட்ட வேண்டும். அடிமுதுகு வலியுள்ள சைக்கிள்காரர்கள் ஓட்டும்போது அந்த இடத்தைக் கூடுதலாக வளைத்தே வைத்திருப்பதை 2012-இல் வந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது. தொழில்முறை வீரர்களுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. 2010-இல் 109 பேரிடம் விசாரித்தபோது, அதிகப் பயன்பாட்டால் வந்த காயங்களில் 45 சதவீதம் அடிமுதுகில், 23 சதவீதம் முட்டியில்.

அந்தக் காலத்துப் பால்காரரும் தபால்காரரும் நாளெல்லாம் மிதித்தார்களே, அவர்கள் என்ன நீட்டினார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் ஓட்டியது வேறு வண்டி. 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் லட்சக்கணக்கில் செய்து தள்ளிய வகை வண்டியில் ஹேண்டில்பார் சீட்டைவிட உயரத்தில் இருக்கும், முதுகு ஏறக்குறைய நேராக நிற்கும். வீட்டுக்கு வீடு இறங்கினார்கள், நடந்தார்கள், தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டார்கள். இடுப்புக்கு நாள் முழுக்க விதவிதமான வேலை இருந்தது. நாற்காலியிலிருந்து நேராக ரோடு பைக்குக்கு மாறுகிறவருக்கு அந்த வசதி இல்லை.

ஆனால் வலிக்கிற ஒருவர் பாயை விரிப்பதற்கு முன் ஸ்பேனரை எடுக்க வேண்டும். 'பின்னங்கால் நரம்பு இழுக்கிறது' என்று சொல்பவர்களில் பலருக்கு சீட் உயரமாக இருப்பதுதான் காரணம்; எட்டாத பெடலை எட்டிப்பிடிக்க ஒவ்வொரு சுற்றிலும் பின்தசை இழுபடுகிறது. பின்னால் வரும் நண்பரைப் பார்க்கச் சொன்னால் போதும்: இடுப்பு இடமும் வலமும் ஆடினால் சீட்டை இறக்க வேண்டும். சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்து குதிகாலை பெடலில் வைத்துக் கீழே இறக்கினால் கால் நேராக வேண்டும். அப்போது வழக்கம்போல் முன்பாதத்தை வைத்தால் முட்டியில் 25 முதல் 35 டிகிரி மடிப்பு ஏறக்குறைய தானாக அமையும். சீட் தாழ்ந்து போனால் பாதிப்பு முட்டியின் முன்பக்கத்தில் தெரியும். சாய்வும் முக்கியம். இஸ்ரேலில் ஒரு சைக்கிள் சங்கத்தாரிடையே 1999-இல் வெளியான ஆய்வில், முதுகு வலியுள்ளவர்களின் சீட் முனையை 10 முதல் 15 டிகிரி முன்னோக்கித் தாழ்த்தியதும் எழுபது சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. சிறிய ஆய்வுதான், அவ்வளவு சாய்த்தால் கைகளில் பாரம் ஏறும் என்பதால் எல்லோருக்கும் ஒத்துவராது. ஆனாலும் மாதக்கணக்கில் தசையை இழுத்து வாங்க வேண்டியதை ஓர் ஆலன் கீ ஐந்து நிமிடத்தில் தந்துவிடக்கூடும்.

வண்டி சரியான பிறகு மிச்சமிருக்கும் இறுக்கத்துக்குத்தான் நீட்சி. தேவைப்படுவது மூன்று இடங்கள்: இடுப்பின் முன்பக்கம், தொடையின் பின்பக்கம், குனிந்தே கிடக்கும் மார்பும் மேல்முதுகும். முதலாவதைத்தான் அதிகம் பேர் தவறாகச் செய்கிறார்கள். வலது முட்டியைத் தரையில் ஊன்றி, இடது பாதத்தை முன்னால் வைத்து, உடனே முன்னால் சரிந்துவிடுகிறார்கள்; இடுப்பெலும்பு முன்னால் கவிழ்ந்து, அடிமுதுகு வளைந்து, நீள வேண்டிய தசை நீளாமலே போகிறது. சரிவதற்கு முன் வலது பிட்டத்தை இறுக்க வேண்டும், வால் எலும்பை உள்ளே இழுக்க வேண்டும். அப்போதே, உடம்பு ஓர் அங்குலம்கூட நகராமல், வலது தொடையின் மேல்முனையில் இழுப்பு தெரியும். அங்கேயே முப்பது விநாடி. பின்தசைக்கு, மல்லாந்து படுத்துப் பாதத்தில் ஒரு துண்டை மாட்டிக் காலை உயர்த்துவது நல்லது. முதுகு தரையில் இருப்பதால் ஏமாற்ற முடியாது. பச்சிமோத்தானாசனத்தில் எட்டாத விரலை எட்டுவதற்காக முதுகை வில்லாக வளைப்பவர்கள், சைக்கிளில் செய்த தவற்றைத்தான் பாயிலும் செய்கிறார்கள். குனிந்தே கிடக்கும் மார்பைத் திறக்கும் புஜங்காசனம் இவர்களுக்கு மேல்.

முப்பது விநாடி என்பதற்குக் காரணம் உண்டு. பின்தசையை 15, 30, 60 விநாடி நீட்டி ஒப்பிட்ட 1994 ஆய்வில் ஆறு வாரத்தில் முப்பதுக்கும் அறுபதுக்கும் வித்தியாசமில்லை, பதினைந்துதான் பின்தங்கியது. 2018-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, ஒரு தசைக்கு வாரத்தில் ஐந்து நிமிடமாவது சேர வேண்டும் என்றும், அதை ஒரே நாளில் முடிக்காமல் பல நாள்களில் பிரிப்பது நல்லது என்றும் கணக்கிட்டது. ஞாயிறு காலையில் மட்டும் காலைச் சுவரில் வைப்பவர் இந்தக் கணக்கின் அருகில்கூட வருவதில்லை. சில வாரத்தில் கிடைக்கும் நெகிழ்வில் பெரும்பகுதி, தசை நீண்டதால் வருவதல்ல. இழுப்பை நரம்பு மண்டலம் சகித்துக்கொள்ளப் பழகுவதால் வருவது. விட்டால் அது போய்விடும் என்பதும் அதனால்தான். சவாரி முடிந்து நீட்டினால் இதமாக இருக்கிறதே என்றால் தாராளமாகச் செய்யலாம், உடம்பு சூடாக இருக்கும்போது எளிதாகவும் இருக்கும். நாளைய வலியை அது தடுக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். நீட்டப் பொறுமையே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது: தசையை முழு வீச்சில் இயக்கும் எடைப் பயிற்சி, நீட்சிக்கு இணையான நெகிழ்வைத் தருவதாக 2021-இல் ஒரு தொகுப்பாய்வு காட்டியது. ஒரு காலை முன்னால் எடுத்துவைத்து ஆழமாக இறங்கி எழும் லஞ்ஜ் (lunge) ஒன்றே இடுப்பைத் திறந்து பலத்தையும் கூட்டும்.

வண்டியில் இருக்கும்போது நீட்சிக்கு இடம் உண்டா என்றால், இரண்டு சமயங்களில் உண்டு. கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டால் இறங்கி, குதிகாலைத் தரையில் அழுத்தி நீட்டுவதுதான் கைகண்ட வைத்தியம். மற்றது நெடுந்தூரச் சவாரி. குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பிரெவே என்ற நெடுந்தூரச் சவாரியில் 200 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 13 மணி 30 நிமிடம் அவகாசம். அவ்வளவு நேரமும் இடுப்பு மடங்கியே இருக்க வேண்டும் என்று விதியில்லை. கால் மணிக்கு ஒருமுறை, ஒரு கியர் கூட்டி, சீட்டைவிட்டு எழுந்து நின்று, இடுப்பை ஹேண்டில்பாரை நோக்கித் தள்ளியபடி பத்து மிதி மிதிக்கலாம். வேகமும் குறையாது.