எஸ்பிஎம்முக்குப் பின் படிப்பா, வேலையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எஸ்பிஎம் முடிவு வந்ததும் கெலாங் பாத்தா வட்டாரத்து வீடுகளில் எழும் கேள்வி இது: மேலே படிப்பதா, வேலைக்குப் போவதா? ஒரு பக்கம் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம். இன்னொரு பக்கம், 1998இல் திறக்கப்பட்ட இரண்டாம் இணைப்புப் பாலத்தைத் தாண்டினால் துவாஸ் தொழிற்சாலைகள். சம்பளம் கண்ணெதிரே இருக்கிறது.

படிப்புச் செலவு என்றதும் கட்டணத்தையும் பிடிபிடிஎன் கடனையும் மட்டுமே பார்க்கிறோம். படிக்கும் காலத்தில் கைக்கு வராமல் போகும் சம்பளமும் செலவுதான். இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். இடைநிலைப்பள்ளிப் பொருளாதாரப் பாடத்தில் பிள்ளைகள் ‘கோஸ் லெப்பாஸ்’ என்று படிப்பது இதைத்தான்.

குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 3 ஆண்டுகளுக்கு 61,200 ரிங்கிட். அரசாங்க போலிடெக்னிக்கில் டிப்ளோமா கட்டணம் செமஸ்டருக்கு 200 ரிங்கிட். 6 செமஸ்டருக்கு 1,200. சாப்பாட்டைச் சேர்க்க வேண்டாம். வேலைக்குப் போனாலும் சாப்பிடத்தானே வேண்டும். ஆக 62,400 ரிங்கிட்.

படித்தவருக்கு மாதம் 500 ரிங்கிட் கூடக் கிடைத்தால், இதை மீட்கப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். 1,000 கூடினால் ஐந்து ஆண்டு சொச்சம். 60 வயது வரை வேலை இருப்பதால் அதன்பின் வருவதெல்லாம் லாபம். தனியார் கல்லூரிக் கட்டணம் 40,000 ரிங்கிட் என்றால், 500 ரிங்கிட் கூடுதலில் மீட்க ஏறக்குறைய 17 ஆண்டுகள். பாதியில் நின்றுவிட்டால் செலவு மட்டுமே மிஞ்சும்.

சிங்கப்பூர்ச் சம்பளத்தை வைத்துப் பார்த்தால் இழப்பு இன்னும் பெரிது. ஆனால் வேலை பெர்மிட்டில் போகும் மலேசியருக்கு அங்கே சேமநிதி கிடையாது. இங்கே 5,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி 13 விழுக்காடு இபிஎப் கட்டுகிறார். அங்கே வேலை போனால் பெர்மிட்டும் போய்விடும்.

ஆகவே கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்துச் சேர்க்காதீர்கள். அந்தப் படிப்பை முடித்தவர்கள் எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

மூத்த பிள்ளையின் சம்பளம் இல்லாமல் அடுப்பு எரியாத வீடுகளும் உண்டு. அந்தப் பிள்ளைக்குப் படிப்பு முடிந்துவிடவில்லை. பகுதிநேரமாகப் படிக்கலாம், வேலை அனுபவத்தைக் காட்டியே எஸ்கேஎம் திறன் சான்றிதழ் பெறவும் வழி இருக்கிறது. வேலைக்கு அனுப்பும் முன் அந்த வழியையும் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள்.