ஆம்பிளிபையரும் குழூஉக்குறியும்

ஒரு கூட்டத்தார் ஒரு பொருளின் இயற்பெயரை விடுத்துத் தமக்குள் மட்டும் விளங்குமாறு வேறொரு பெயரால் வழங்குவதைக் குழூஉக்குறி என்பர் இலக்கண நூலார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது அதற்கு உரைகாரர் காட்டும் உதாரணம். இவ்வழக்கு எந்நாட்டிலும் எத்தொழிலிலும் உண்டு. மின்சாரக் கித்தார் வாசிப்போரும், அதன் ஓசையைப் பெருக்கும் ஆம்பிளிபையரைச் செய்வோரும், செப்பனிடுவோரும் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் இதற்கு நல்ல சான்றாகும். அவற்றுட் சிலவற்றையும், அவற்றால் விளையும் மயக்கத்தையும் ஈண்டு ஆராய்வோம். தமிழில் ஒலிபெருக்கி என்னும் சொல் ஆம்பிளிபையர், ஸ்பீக்கர் என்னும் இரண்டையும் சுட்டுமாதலின், இங்கு அவ்விரு பிறமொழிப் பெயர்களையே வழங்குகின்றேன்.

முதலாவதாக ‘ஆம்ப்’ என்னும் குறுக்கத்தைக் காண்போம். இஃது ஆம்பிளிபையரையும் குறிக்கும். மின்னோட்டத்தின் அளவாகிய ஆம்பியரையும் குறிக்கும். அன்றியும், ஆம்பிளிபையர் மட்டும் அடங்கிய பெட்டிக்குத் தலை என்று பொருள்படும் ‘ஹெட்’ என்றும், ஸ்பீக்கர் அடங்கிய பெட்டிக்குக் ‘கேப்’ என்றும், இரண்டும் ஒருங்கே அமைந்ததற்குக் ‘காம்போ’ என்றும் பெயர். இம்மூன்றனுள் ஹெட்டையும் காம்போவையும் வேறுபாடின்றி ஆம்ப் என்றே பலரும் கூறுவர். புதியவன் ஒருவன் பழைய ஹெட் ஒன்றை வாங்கி, அதுவே முழுக்கருவி எனக் கருதி, ஸ்பீக்கர் இணையாமல் முடுக்கி வாசிப்பானாயின் யாது நிகழும்? வால்வு வகை ஆம்பிளிபையராயின், ஸ்பீக்கருக்கு மின்னைச் செலுத்தும் டிரான்ஸ்பார்மர் பழுதுபட்டுப் போகக்கூடும்.

அடுத்து, திசைச்சொல் போன்றவை சில. அமெரிக்கர் ‘டியூப்’ என்பதை ஆங்கிலேயர் ‘வால்வு’ என்பர். அமெரிக்கர் ‘கிரவுண்ட்’ என்பதை ஆங்கிலேயர் ‘எர்த்’ என்பர். இவற்றால் பெருந்தீங்கில்லை. ஆனால் ‘லீட்’ என்னும் சொல் அத்தகையதன்று. முதன்மையாக வாசிப்பவனின் கித்தாருக்கு அஃது அடைமொழி. ஆங்கிலேயர்க்கோ அஃது இணைப்புக் கம்பியின் பெயருமாம். கித்தாரை ஆம்பிளிபையரோடு இணைக்கும் கம்பியும், ஆம்பிளிபையரை ஸ்பீக்கரோடு இணைக்கும் கம்பியும் பெரும்பாலும் ஒரே வடிவான முனைகளை உடையன. உள்ளமைப்போ வேறு. முன்னது மெல்லிய நடுக்கம்பியும் அதனைச் சூழ்ந்த வலைப்பின்னலும் கொண்டது. பின்னது பருத்த இரு கம்பிகளைக் கொண்டது. ‘ஒரு லீட் கொடு’ என்று கேட்டவனுக்கு முன்னதைக் கொடுக்க, அவன் அதனை ஸ்பீக்கருக்கு இணைப்பின், அது சூடேறி அறுபடவும், முன் கூறிய கேடே விளையவும் கூடும்.

இனி ஆகுபெயர்கள். பெண்டர் கம்பெனியார் 1950-களில் ஆம்பிளிபையர்களைப் போர்த்த துணியால் அவற்றிற்கு ‘ட்வீட்’ என்று பெயர் வந்தது. எனினும் அது கம்பளி ட்வீட் அன்று, பருத்தித் துணியே. 1960-களின் மத்தியில் முகப்பைக் கறுப்பாக அமைத்தமையின் ‘பிளாக்பேஸ்’ எனப்பட்டது. மார்ஷல் ஆம்பிளிபையர்கள் 1969 வரை பிளெக்ஸிகிளாஸ் முகப்பு உடையனவாதலின் ‘பிளெக்ஸி’ எனப் பெயர் பெற்றன. முகப்பின் பெயர் நாளடைவில் ஓசையின் பெயராயிற்று. ஆதலின், இன்று உலோக முகப்புடைய கருவியையும் அதன் ஓசை பற்றிப் பிளெக்ஸி என்பாருளர்.

கம்பெனியாரே மயக்கத்தை உண்டாக்கியதும் உண்டு. ஓசையின் வன்மை மாறிமாறிக் கூடிக் குறைதல் ‘டிரிமோலோ’. சுருதி மேலும் கீழும் அசைதல் ‘வைப்ராட்டோ’. பெண்டர் கம்பெனியாரோ, 1954-ல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கித்தாரில் சுருதியை அசைக்கும் நெம்புகோலுக்கு டிரிமோலோ எனவும், 1963-ல் தோன்றிய ட்வின் ரிவர்ப் ஆம்பிளிபையரில் வன்மையை மாற்றும் உறுப்புக்கு வைப்ராட்டோ எனவும் பெயரிட்டனர். இரண்டும் தலைகீழாயின. அப்பெயர்களே இன்றும் வழங்குகின்றன.

பல பொருள் ஒரு சொல்லும் உண்டு. ‘டர்ட்டி’ என்றால் அழுக்கு. வாசிப்போனுக்கு அது வேண்டி வருவிக்கும் கரகரத்த ஓசை. செப்பனிடுவோனுக்கோ திருகியின் உள்ளே தூசி படிந்தமையால் எழும் குறை. ‘ஹாட்’ என்பது இதனினும் கொடிது. வலிய ஓசைக்குறிப்பைத் தரும் கித்தார் உறுப்பும் ஹாட். மிகுந்த மின்னோட்டத்தில் இயங்குமாறு அமைத்த வால்வும் ஹாட். மின்னழுத்தம் நிலவும் கம்பியும் ஹாட். முதற்பொருளால் ஒரு கேடும் இல்லை. இரண்டாவதால் வால்வின் ஆயுள் குறையும். மூன்றாவதைத் தொட்டவன் உயிரிழத்தலும் கூடும். மின்னிணைப்பைப் பிடுங்கிய பின்னரும் வால்வு ஆம்பிளிபையரின் கண்டென்சர்களில் பல நூறு வோல்ட் அழுத்தம் தங்கியிருக்கக்கூடுமாதலின், ‘ஹாட் இல்லை’ என்னும் ஒரு சொல்லை நம்பி அதனுள் கை வைத்தல் ஆகாது.

குழூஉக்குறி தீதென்று இதனாற் கூறிவிட முடியாது. ஒரே தொழிலில் நெடுநாள் பழகினோர்க்கு ஒரு சொல் ஒரு வாக்கியத்தின் வேலையைச் செய்யும். ஆனால் கூட்டத்துக்குப் புறம்பான ஒருவன் வந்து வினவும்போது அச்சொல்லை விரித்துரைத்தல் அறிந்தோர் கடன்; ‘எப்பொருளில் கூறினீர்?’ என நாணாது மீண்டும் கேட்டல் அறியாதோர் கடன். பொற்கொல்லரின் பறியை அறியாதவன் பொருளை மட்டுமே இழப்பான். மின்சாரத்தோடு பழகுவோனுக்கோ ஒரு சொல்லின் மயக்கம் உயிரையே வாங்கிவிடலாம்.