மக்கும் பையும் சமையலறைக் குப்பையும்

வாசலில் அவிழும் முடிச்சு

காலை 7 மணிக்குச் சற்று முன்னோ பின்னோ எங்கள் தெருமுனையில் குப்பை வண்டியின் ஒலிபெருக்கி கேட்கத் தொடங்கியதும், வீட்டுக்கு வீடு கதவு திறந்து, முதல் நாள் இரவே கட்டிவைத்த பையைக் கையில் தொங்கவிட்டபடி வந்து நிற்பவர்கள், அதை வண்டியில் போட்ட மறுகணமே தம் கடமை தீர்ந்ததென்று உள்ளே திரும்பிவிடுவது வழக்கம். நானும் பல வருஷம் அப்படித் திரும்பியவன்தான். ஒருநாள் பத்திரிகைக்காரப் பையனுக்காக வாசலிலேயே நிற்க நேர்ந்ததால், நான் கொடுத்த பையின் முடிச்சை அந்தத் தூய்மைப் பணியாளர் அம்மாள் நகத்தால் நெம்பிப் பார்த்து, அது அவிழாமற்போகவே விரலால் பையைக் குத்திக் கிழித்து, உள்ளிருந்த வாழைப்பூ மடலையும் காப்பிச் சக்கையையும் பச்சைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, ஒழுகுகின்ற பையை வண்டியின் பக்கவாட்டில் தொங்கிய சாக்கில் திணித்ததைக் கண்டேன்.

"இது மக்குற பைம்மா, அப்படியே போட்டுடலாம்" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க. உள்ள பிளேடு கிடக்குதா, நாப்கின் கிடக்குதான்னு பிரிச்சாத்தானே தெரியும்?" என்றார். அவருடைய சுட்டுவிரலில் ஒரு துணிக்கட்டு இருந்தது.

மக்கும் பையைப் புகழ்ந்தும் இகழ்ந்தும் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மண்ணையும் கடலையும் பற்றியே கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை நியாயமானதே. ஆயினும் பையைக் கட்டுகிற கைக்கும் அதை அவிழ்க்கிற கைக்கும் என்ன நேர்கிறது என்ற சுகாதார விஷயத்தை முதலில் விசாரித்துவிட்டுப் பிறகு மண்ணுக்குப் போவது உசிதமென்று எனக்குப் படுகிறது.

ஈயும் எலியும் காத்திருப்பதில்லை

சமையலறைக் குப்பையில் பெரும்பகுதி தண்ணீர். காய்த்தோல், பழச்சக்கை, வடித்த சோற்றின் மிச்சம், மீன் கழுவிய செதில் ஆகிய யாவும் ஈரத்தைச் சுமந்தே வருகின்றன. இந்த ஈரத்தைப் பாலிதீன் பைக்குள் போட்டு இறுக முடிந்துவிட்டால், உள்ளே இருந்த கொஞ்சநஞ்சப் பிராணவாயுவும் சில மணி நேரத்தில் தீர்ந்துபோய், காற்றில்லாத இடத்தில் செழிக்கும் நுண்ணுயிர்கள் தலையெடுத்து, நாம் முகம் சுளிக்கும் அந்தப் புளித்த நாற்றத்தையும் கறுத்த நீரையும் உண்டாக்குகின்றன. அந்த நாற்றம் நம்மை விரட்டுகிறது, ஈயை அழைக்கிறது. வீட்டு ஈ இடுகின்ற முட்டை நம் ஊர் வெப்பத்தில் ஒரு நாளைக்குள் பொரிந்து, புழுவாகிக் கூண்டுப்புழுவாகி, சாதகமான சூழலில் 7 முதல் 10 நாளைக்குள் புதிய ஈயாகப் பறந்துவிடுவதால், ஈரக் குப்பையை வீட்டில் வாரக்கணக்கில் வைத்திருப்பது ஒரு தலைமுறை ஈக்களுக்கு மடியில் இடங்கொடுப்பதற்குச் சமானம். வயிற்றுப்போக்கையும் சீதபேதியையும் உண்டாக்கும் கிருமிகள் அவற்றின் காலிலும் வாயிலும் ஏறிச் சோற்றுத் தட்டுக்கு வந்து சேருகின்றன.

எலியின் சங்கதி இன்னும் விபரீதமானது. நாயோ பூனையோ கிழித்துப்போட்ட பையைத் தேடி இரவில் வரும் எலி, தன் சிறுநீரின் வழியாக எலிக்காய்ச்சலின் கிருமியை விட்டுச் செல்லக்கூடும். மழைநாளில் தேங்கிய நீரில் அது கலந்து, காலில் உள்ள சிறு வெடிப்பின் வழியாகவும் உடம்புக்குள் புகுந்துவிடும். வெறுங்காலோடும் வெறுங்கையோடும் குப்பையைக் கிளறுகிறவர்களுக்கே இந்த ஆபத்து மிகுதி.

ஆகவே பையின் பெயர் எதுவாயினும், குப்பை ஈரம் குறைந்து, வேறொன்றும் கலவாமல், விரைவில் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்பதே ஆரோக்கியத்துக்கு அஸ்திவாரம். 2016-ஆம் ஆண்டில் இந்திய அரசு பிறப்பித்த திடக்கழிவு மேலாண்மை விதிகளும் மக்குவது, மக்காதது, வீட்டில் சேரும் அபாயகரமான கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும்படியே குடிமக்களைக் கேட்டுக்கொண்டன. நாப்கினையும் குழந்தைகளின் டயப்பரையும் தனியே நன்றாகச் சுற்றிக் கொடுக்க வேண்டுமென்பதும் அந்த விதிகளில் உண்டு. எங்கள் தெருவில் அதைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்பதை நான் விசாரிக்கத் துணியவில்லை.

மக்கு என்ற சொல்

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் "மக்கு" என்று வைதால் அழுத நாம், கடையில் அதே சொல்லைப் பையின் மேல் அச்சிட்டிருந்தால் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம். இதில் சிக்கல் என்னவென்றால், தமிழில் மக்குதல் என்ற ஒரே வினை, எங்கே, எவ்வளவு காலத்தில், எந்தச் சூட்டில் என்ற மூன்று கேள்விகளையும் தன்னுள்ளே மறைத்துக்கொண்டுவிடுகிறது. கீரைத்தண்டும் மக்குகிறது, தேங்காய் மட்டையும் மக்குகிறது. இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி இருக்கிறது.

மக்கும் பைகளிற் பல சோள மாவுச்சத்தோடு பாலிலாக்டிக் அமிலம், பிபிஏடி போன்ற பிளாஸ்டிக் வகைகளைக் கலந்து செய்யப்படுபவை. ஐஎஸ்ஓ 17088 என்ற தரநிர்ணயத்துக்கு இணங்கிய பை, உரம் தயாரிக்கும் ஆலையில் ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸ் சூட்டில், 12 வார காலத்தில் 2 மில்லிமீட்டர் சல்லடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்காதபடி நொறுங்கவும், ஆறு மாதத்துக்குள் அதிலுள்ள கரிமத்தில் 90 சதவீதம் கரியமிலவாயுவாக மாறவும் வேண்டும். நுண்ணுயிர்களே பெருகி உண்டாக்கும் அந்தச் சூடு, வண்டி வண்டியாகக் குவித்துக் கிளறுகிற ஆலைக் குவியலில் வாரக்கணக்கில் நிலைக்கிறது. மொட்டைமாடியில் நாம் வைத்திருக்கும் மண்பானையில் நிலைப்பது அபூர்வம்.

இது எனக்கு அனுபவத்தால் விளங்கியது. பச்சை இலைச் சித்திரம் போட்டு, எந்தத் தர எண்ணும் அச்சிடாத பை ஒன்றை வாங்கி, குப்பையோடு சேர்த்து முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு, ஐப்பசி மழை கழிந்து தை பிறந்த பின் தோண்டிப் பார்த்தபோது, காய்கறியெல்லாம் கறுப்பு மண்ணாகி மணத்துக்கொண்டிருக்க, பை மட்டும் நகத்துணுக்கு அளவு சிதறல்களாக வேரோடு பின்னிக் கிடந்தது. அவை பொடிந்தனவேயன்றி மக்கவில்லை. சாதாரணப் பாலிதீனில் சில உப்புக்களைச் சேர்த்து வெயிலில் நொறுங்கும்படி செய்து "மக்கும்" என்று விற்கும் ரகம் ஒன்று உண்டு. அதன் விளைவு இத்தகைய பொடிதான் என்ற காரணத்தால் ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் அதனைத் தடைசெய்தது. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இமோஜன் நாப்பர், ரிச்சர்ட் தாம்ப்சன் இருவரும் 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மண்ணிலும் கடலிலும் மூன்றாண்டு கிடந்த "மக்கும்" பை ஒன்று, எடுத்துப் பார்த்தபோது கடைச் சாமானைத் தாங்கும் வலுவோடு இருந்தது.

சரியான பையே ஆனாலும் அது போய்ச் சேருமிடம் குப்பைமேடானால் என்ன பிரயோசனம்? காற்றுப் புகாத ஆழத்தில் ஈரக் குப்பை அழுகும்போது மீத்தேன் பிறக்கிறது. அது எளிதில் தீப்பற்றும். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கில் மூண்ட தீ நாட்கணக்கில் புகைந்து, சுற்றுவட்டாரத்தார் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். பிளாஸ்டிக் எரிகிற அத்தகைய புகையில் டையாக்சின் முதலான நச்சுக்களும், நுரையீரலின் ஆழம் வரை செல்லும் நுண்துகள்களும் இருப்பதால், ஆஸ்துமாக்காரர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது சாமான்யமான தொல்லையன்று.

மிலான் நகரத்துச் சமையலறை

மக்கும் பை தன் காரியத்தைச் செவ்வனே செய்வதைக் காண விரும்புகிறவர்கள் இத்தாலியின் மிலான் நகரத்தைப் பார்க்கலாம். 2012 நவம்பரில் ஒரு பகுதியில் தொடங்கி 2014-க்குள் நகரம் முழுவதும் பரவிய அந்த ஏற்பாட்டில், வீட்டுக்கு வீடு சல்லடைக்கண் போட்ட சிறு கூடை ஒன்றும், அதற்குள் பொருத்த மக்கும் பையும் கொடுத்து, சேர்ந்த உணவுக் கழிவை வாசலிலேயே வந்து வாங்கி, சாண எரிவாயுவைப் போல வாயுவெடுக்கவும் உரமாக்கவும் ஆலைக்குக் கொண்டுபோகிறார்கள். இதில் என்னைக் கவர்ந்தது அந்தக் கூடையின் கண்கள்தான். மாவுச்சத்துப் பை பாலிதீனைப் போலன்றி நீராவியைக் கசியவிடக்கூடியது. கூடையைச் சுற்றிலும் காற்றும் புகுமாகையால் குப்பை கொஞ்சம் உலர்ந்து, எடையும் குறைந்து, நாற்றமும் அடங்குகிறது. பையும் கூடையும் வண்டியும் ஆலையும் ஒன்றுக்கொன்று சொல்லிவைத்தாற்போல் பொருந்துகின்றன.

அங்கே வாரத்துக்கு இரண்டு தடவை எடுத்தால் போதும். நம் சித்திரை வெயிலில் அது செல்லாது; நமக்குத் தினசரி வண்டி வேண்டும், அது வருகிறதும் நம் பாக்கியமே. தினசரி வண்டி வருகிற வீட்டுக்குப் பை அவசியந்தானா என்ற கேள்வி இங்கே எழுகிறது. என் அபிப்பிராயம், அவசியமில்லை என்பதே. ஓட்டை போட்ட பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியில் ஒரு தட்டு, உள்ளே இரண்டு தாள் பழைய செய்தித்தாள், வடிகட்டியில் நீர் வடித்த பிறகே காய்கறிக் கழிவு, மேலே ஈ புகாத மூடி என்று எங்கள் வீட்டில் ஆறு மாதமாக நடந்துவருகிறது. காலையில் வாளியை அப்படியே பச்சைத் தொட்டியில் கவிழ்த்துவிடுகிறோம். அந்த அம்மாள் முடிச்சு அவிழ்ப்பதில்லை. ஆரம்பத்தில் என் மனைவிக்கு வாளி கழுவுவது சுமையாகத் தோன்றியது. கழுவுகிற வேலை எனக்கு மாற்றப்பட்டபின் அந்த ஆட்சேபம் எழவில்லை.

அடுக்குமாடி வாசிகளும், இரண்டு நாளுக்கொருமுறைதான் வண்டி வரும் ஊர்க்காரர்களும் பை வேண்டுமென்றால், ஐஎஸ் 17088 என்ற குறியும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று எண்ணும் அச்சிட்டிருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பார்ப்பதோடு, அந்தக் குப்பை உரக்கிடங்குக்குப் போகிறதா என்பதையும் வட்டாரச் சுகாதார ஆய்வாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

தோட்டத்துச் சருகு

சருகுக்குப் பையே வேண்டாம். ஒரு சாக்கு போதும், அதையும் உதறித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பெருக்கிக் குவித்துத் தீ வைக்கும் மார்கழிப் பழக்கத்தை விட்டுவிட்டு, அதே சருகைச் சமையலறைக் குப்பையின் மேல் பிடிபிடியாகத் தூவினால், ஈரத்தை உறிஞ்சி நாற்றத்தை அடக்கி நல்ல எருவாகவும் ஆகும்.

உரக்குவியலைக் கிளறும்போது மட்டும் ஜாக்கிரதை வேண்டும். உலர்ந்த குவியலிலிருந்து எழும் வெண்புழுதியில் அஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் வித்துக்கள் இருக்கக்கூடும். இழுப்பு நோய் உள்ளவர்களும், புற்றுநோய்ச் சிகிச்சை, உறுப்பு மாற்று சிகிச்சை ஆகியவற்றால் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களும் அந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிடுவதே நலம். மற்றவர்கள் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கையுறை அணிந்து கிளறலாம். கையில் கீறல் இருந்து மண் பட்டால் சோப்பிட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷமாயிற்று என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

கொட்டாங்கச்சியைச் சருகோடு சேர்க்க வேண்டாம். அது மக்க வெகுகாலமாகும். அதற்குள் மழைநீர் தேங்கினால் டெங்குக் கொசு முட்டையிடும். அந்த முட்டையோ நீர் வற்றிய பின்னும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்து, அடுத்த மழையில் பொரியும். உடைத்துக் கொடுங்கள், அல்லது கவிழ்த்து வையுங்கள்.