ஜவ்வாது மலை நட்சத்திர போட்டோ: நிஜம் எவ்வளவு, ஏஐ கைவரிசை எவ்வளவு?

ஜவ்வாது மலைக்கு மேலே பால்வீதி வளைந்து நிற்கிற மாதிரி ஒரு போட்டோ வாட்ஸ்அப்பில் வருகிறது. முதலில் "செம!" என்போம். அடுத்த நொடியே "ஏஐயா இருக்குமோ?" என்று ஒரு சந்தேகம் வரும். இரவு வானத்தைப் படம் எடுத்து எடிட் செய்யும் டிஜிட்டல் கலைஞர்களுக்கு இப்போது இதுதான் பெரிய தலைவலி. குளிரில் விடிய விடிய உட்கார்ந்து எடுத்தவருக்கும், ஒரு வரி டைப் செய்து உருவாக்கினவருக்கும் கிடைக்கிற கமெண்ட் ஒன்றுதான்.

அப்படியென்றால் எது வரைக்கும் எடிட்டிங், எங்கே ஆரம்பிக்கிறது கற்பனை?

காவலூரில் சிக்கிய புள்ளி

இதைப் புரிந்துகொள்ள திருப்பத்தூர் மாவட்டம் ஆலங்காயம் வழியாக மலை ஏறி காவலூர் வரைக்கும் போகலாம். வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இங்கேதான் இருக்கிறது. 2.3 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரியில் அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தது பலருக்கு நினைவிருக்கும். நம்ம கதைக்குத் தேவை அது இல்லை, பக்கத்தில் இருக்கும் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கி.

1988 பிப்ரவரி 17-ம் தேதி, அந்தத் தொலைநோக்கியில் எடுத்த படத்தில் ஒரு சின்னப் புள்ளியைப் பிடித்தார் வானியலாளர் ஆர்.ராஜமோகன். அது ஒரு புதிய சிறுகோள். கணித மேதை நினைவாக 4130 ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள்.

சிறுகோளை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? வானத்தின் ஒரே பகுதியைக் கொஞ்ச நேர இடைவெளியில் இரண்டு முறை படம் எடுத்து ஒப்பிடுவார்கள். நட்சத்திரங்கள் அப்படியே இருக்கும். ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தால், ஆள் சிக்கிவிட்டார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். இன்றைய சாஃப்ட்வேரிடம் அந்தப் படத்தைக் கொடுத்து "க்ளீன் பண்ணு" என்றால், அந்தப் புள்ளியை அழுக்கு என்று துடைத்துவிட வாய்ப்பு இருக்கிறது.

ஒரு போட்டோ இல்லை, பல போட்டோ

இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவின மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரியும் இல்லையா, அதுதான் நாய்ஸ். அதைக் குறைக்க ஒரே காட்சியைப் பல முறை எடுத்து, சாஃப்ட்வேரில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுப்பார்கள். இதற்குப் பெயர் ஸ்டாக்கிங். 16 படங்களை அடுக்கினால் நாய்ஸ் நாலில் ஒரு பங்காகக் குறையும். பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் நகர்ந்திருக்கும், அதையும் சாஃப்ட்வேரே சரிக்கட்டும்.

இது ஏமாற்று வேலை கிடையாது. எல்லாமே கேமராவுக்குள் வந்த வெளிச்சம்தான். ஆனால் இங்கேயும் ஒரு விஷயம் உண்டு: ஒரே ஒரு படத்தில் மட்டும் தெரியும் விமானக் கோடு, செயற்கைக்கோள் கோடு எல்லாவற்றையும் ஸ்டாக்கிங் தானாகத் தூக்கி எறியும். நகர்கிற சிறுகோளும் அந்தக் கூட்டத்தோடு போய்விடலாம். எதை வைக்கணும், எதை எறியணும் என்பதைக் கலைஞர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வேலை எப்படி மாறியது?

ஃபோட்டோஷாப் 1990-ல் வந்தது. லேயர் வசதி 1994-ல், தழும்பை மறைக்கும் ஹீலிங் பிரஷ் 2002-ல், தேவையில்லாததை அழித்தால் பின்னணியைத் தானே நிரப்பும் வசதி 2010-ல். இது வரைக்கும் கைவேலை குறைந்தது, அவ்வளவுதான். 2020 அக்டோபரில் ஒரே க்ளிக்கில் வானத்தையே மாற்றும் வசதி வந்தது. 2023-ல் வார்த்தையில் சொன்னாலே படத்தில் இல்லாததை வரைந்து தரும் ஜெனரேட்டிவ் ஃபில் வந்தது. திருப்புமுனை இதுதான். மணிக்கணக்கில் மாஸ்க் வெட்டியதற்குக் காசு வாங்கியவரிடம், "ஒரு நிமிஷ வேலைதானே?" என்று கஸ்டமர் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கலைஞர் கையில் மிஞ்சியது என்ன? தீர்மானம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிப் படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பதிவு செய்வது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி; கறுப்பு வெள்ளைப் படங்களாகத்தான் வரும். அலைநீளம் அதிகமானால் சிவப்பு, குறைந்தால் நீலம் என்ற ஒழுங்கில் நிறம் கொடுப்பது ஜோசப் டிபாஸ்குவாலே, அலிசா பேகன் மாதிரி படக் கலைஞர்கள். நிறம் அவர்கள் கொடுத்தது, வடிவம் வானத்தில் இருப்பது. அந்தக் கோட்டை அவர்கள் தாண்டுவதில்லை.

உங்கள் போனும் விதிவிலக்கல்ல

2023 மார்ச்சில் ஒருவர் நிலா படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில் காட்டி, சாம்சங் போனில் படம் எடுத்தார். போன் கொடுத்த படத்திலோ மங்கலில் இல்லாத பள்ளங்கள் எல்லாம் தெளிவாக இருந்தன! நிலாவை ஏஐ அடையாளம் கண்டு விவரங்களைக் கூட்டுகிறது என்று சாம்சங்கும் விளக்கம் கொடுத்தது. (இதைப் படித்த பிறகு என் கேலரியில் இருக்கும் நிலா படங்களைப் பார்த்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.)

எப்படிக் கண்டுபிடிப்பது?

காலண்டர் உதவும். தை மாதக் கல்யாண ஜோடிக்குப் பின்னால், ராத்திரி 9 மணிக்கு, பால்வீதியின் பிரகாசமான மையப்பகுதி ஜொலிக்கிறதா? வானம் ஒட்டப்பட்டது. அந்த மையம் விருச்சிகம், தனுசு ராசிப் பக்கம் இருக்கிறது. தை மாதம் விடியலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் எட்டிப் பார்க்கும். அந்த நேரத்துக்கு நம் தலைக்கு மேலே நிற்க வேண்டியது திருவாதிரை நட்சத்திரம் இருக்கும் ஓரியன்.

2019-ல் அடோபி தொடங்கிய முயற்சியால், படத்தை எதில் எடுத்து என்ன மாற்றினார்கள் என்ற குறிப்பைப் படத்தோடு சேர்த்தே வைக்க முடிகிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு ஆனாலே அந்தக் குறிப்பு பெரும்பாலும் கழன்றுவிடும். அதனால்தான் எடிட் செய்யாத ரா ஃபைல்களை அழிக்காமல் ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறார்கள் கலைஞர்கள். யாராவது "நிஜமா?" என்று கேட்டால் திறந்து காட்ட அவர்களிடம் இருப்பது அதுதான்.