கைராசியும் கணக்கும்

ஒரு டாக்டரைப் பற்றி நம்மவர்கள் சொல்லும் உயர்ந்த பாராட்டு, "கைராசிக்காரர்" என்பது. மும்பையில் சிறிய கிளினிக் நடத்தும் எனக்கும் அந்தப் பாராட்டுக் கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் கைராசியை மட்டும் நம்பி வைத்தியம் செய்ய முடியாது. கொடுத்த மருந்து எத்தனை பேருக்குப் பலித்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது, அதனால் நோயாளிக்கு என்ன லாபம் என்பதை வாசக அன்பர்களுக்கு விளக்கவே இக்கட்டுரை.

இது புதிய யோசனை அல்ல. 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்களும் மற்றதில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றார்கள். மாணவர்களின் வார்டில் பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மார்களே மிக அதிகம். இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற டாக்டர் இரண்டு வார்டுகளின் இறப்புக் கணக்கையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். பிணப் பரிசோதனை செய்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று முடிவுகட்டி, 1847 மே மாதம் முதல் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். ஏப்ரலில் 100க்கு 18 ஆக இருந்த இறப்பு, ஜூனில் 100க்கு 2 என்ற அளவுக்கு இறங்கியது. கிருமிகளைப் பற்றி உலகம் தெளிவாக அறியும் முன்பே கணக்கு உயிர்களைக் காத்தது.

இன்று என் போன்றோரின் கிளினிக்கில் பெரிய வேலை சர்க்கரையும் பி.பி.யும்தான். இவை வலிக்காத நோய்கள். மாத்திரையை நிறுத்தினால் மறுநாளே ஒன்றும் தெரியாது. சில வருடங்கள் கழித்துக் கண்ணிலோ சிறுநீரகத்திலோ இதயத்திலோ காட்டும். ஆகவே ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே நான்கு விவரங்கள் வேண்டும்: கடைசியாக எடுத்த பி.பி. 140/90க்குக் கீழே இருந்ததா. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எவ்வளவு. கண், பாதம், சிறுநீர்ப் பரிசோதனைகள் இந்த வருடம் நடந்தனவா. கடைசியாக வந்த தேதி என்ன. இதற்குக் கம்ப்யூட்டர் இருந்தால் நல்லது; கோடு போட்ட நோட்டும் போதும்.

கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு கிளினிக்கில் 200 பி.பி. நோயாளிகள் என்று வைத்துக்கொள்வோம். கடந்த மூன்று மாதத்தில் 120 பேர் வந்தார்கள். அவர்களில் 90 பேருக்குக் கட்டுப்பாட்டில் இருந்தது. 120க்கு 90 என்றால் 75 சதவீதம்; டாக்டர் மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் 200க்கு 90 என்றால் 45 சதவீதம்தான். வராத அந்த 80 பேர்தான் ஆபத்தில் இருக்கக்கூடியவர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவரைத்தான் டாக்டர் பார்க்கிறார். வராதவரை நோட்டுதான் காட்டிக்கொடுக்கும். 2017இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியிலும், வராமல் போனவர்களைக் கண்டுபிடித்து மீண்டும் அழைப்பது ஒரு முக்கியமான வேலை.

பட்டியல் கிடைத்ததும் போன் செய்து விசாரிக்க வேண்டும். ஒருவர் சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருப்பார். அவருக்கு ஊருக்குக் கிளம்பும்போதே மருந்து விவரத்துடன் கடிதம் கொடுத்தனுப்ப வேண்டும். மற்றொருவருக்கு மாத்திரையின் விலை கட்டுபடியாகவில்லை. அவருக்கு விலை குறைந்த ஜெனரிக் மருந்து எழுதலாம். இன்னொருவர் "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்பார். அவருக்குப் பொறுமையான விளக்கம்தான் மருந்து.

எண்ணுக்கு அடிமையாகிவிடவும் கூடாது. சர்க்கரை அளவைக் குறைத்துக் காட்டுவதற்காக எண்பது வயதுப் பாட்டிக்கு மருந்தை ஏற்றினால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி அவர் மயங்கி விழக்கூடும். வயதானவர்களுக்கு இலக்கைச் சற்றுத் தளர்த்துவதே முறை. நோயாளியின் விவரங்களைப் பிறர் கண்ணில் படாமல் காப்பதும் டாக்டரின் கடமை.

சென்னைக்கும் மும்பைக்குமாகப் பெற்றோர் போய்வரும் குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்களின் மருந்துச் சீட்டுகள், ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் போட்டு, எங்கே போனாலும் கையோடு கொடுத்தனுப்புங்கள். அரசின் 14 இலக்க ஆபா எண்ணை எடுத்து வைத்துக்கொள்வதும் உதவும்.

இன்னொரு வேண்டுகோள். மருந்தை நிறுத்தினாலோ வேறு டாக்டரிடம் மாறினாலோ பழைய கிளினிக்குக்கு ஒரு போன் செய்து சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் பெயருக்கு எதிரே எதையாவது எழுத வேண்டுமல்லவா!